உடனுறை வீடு

மணல்முனையில் அணு உலையைக் கண்ணால் பார்த்தவர்கள் அங்கே வேலை செய்தவர்களைத் தவிர யாரும் இல்லை. அது மண்ணுக்கு அடியில் இருந்தது. ஊர்க்காரர்கள் பார்த்ததெல்லாம் அதற்கு மேலே, மேட்டில் கட்டியிருந்த ஒரு வெள்ளை வீட்டைத்தான். அந்த வீட்டுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. படகுத் துறையிலிருந்து பார்த்தாலும், மாதா கோயில் தெருவிலிருந்து பார்த்தாலும், அதன் மொட்டைமாடியில் காயும் துணி தெரியும். தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படிக் கட்டியிருந்தார்கள்.

நிலக்கரி நிலையங்களை மூடிய பிறகு, சின்னச் சின்ன உலைகளாக ஊருக்கு ஒன்று புதைப்பது என்று அரசாங்கம் முடிவெடுத்தபோது எந்த ஊரும் இடம் கொடுக்க முன்வரவில்லை. நிபுணர்கள் தொலைக்காட்சியில் வந்து பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அப்படியானால் உங்கள் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து வளருங்கள் என்று ஏதோ ஒரு கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து சொன்னாள். அதிலிருந்து பிறந்ததுதான் உடனுறை விதி. உலையின் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரி, தன் துணையோடும் பிள்ளைகளோடும் அந்த உலைக்கு மேலேயே குடியிருக்க வேண்டும். ஆயிரம் பக்க அறிக்கைகள் செய்யாததை அந்த ஒரு வரி செய்தது. நாற்பது ஊர்களில் உலைகள் வந்தன. அவற்றின் மின்சாரத்தில் கடல்நீர் குடிநீரானது. கோடை நண்பகலில் வெயிலில் நின்றால் ஆள் சுருண்டு விழுகிற காலம் அது. ஒவ்வொரு ஊரிலும் குளிர்கூடம் ஒன்றைத் திறந்து, பகல் முழுக்க ஜனங்கள் அதில் உட்கார்ந்து பிழைத்தார்கள்.

மணல்முனை உலைக்குப் பாதுகாப்பு அதிகாரியாக வந்தவள் நிறைமதி. அருப்புக்கோட்டைக்காரி. கணவன் இசக்கிராஜா பள்ளிக்கூட ஆசிரியர். உள்ளூர்ப் பள்ளியிலேயே ஐந்தாம் வகுப்பு எடுத்தான். அவர்கள் மகள் நித்திலா அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்தாள்.

மாதம் ஒருமுறை குளிர்கூடத்தில் ஊர்க்கூட்டம் நடக்கும். உலையைப் பற்றி யார் என்ன கேட்டாலும் நிறைமதி பதில் சொல்ல வேண்டும். வழக்கமாகக் கேள்வி கேட்பவர் கஸ்பார். முன்பு படகு எஞ்சின் பழுது பார்த்தவர். சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் மூன்று தடவை ஊர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். அவர் மனைவி பிலோமி துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி நடத்தினாள். அவர்களுடைய ஒரே மகள் மெர்லின், இசக்கிராஜாவின் வகுப்பில் படித்தாள்.

"கரண்டு போனா ஒங்க பம்பும் நின்னுபோவுமே மேடம், அப்ப உலை சூடாயிராதா?" என்று கஸ்பார் ஒருமுறை கேட்டார்.

"ஆகும். அணைச்ச அடுப்புலயும் கொஞ்ச நேரம் சூடு இருக்கும்ல, அது மாதிரி. ஆனா உலைக்கு மேல ஒரு பெரிய தொட்டி வச்சிருக்கோம். பம்பு நின்னா அதுல இருக்கிற தண்ணி தானா கீழ எறங்கிரும். தண்ணி கீழ எறங்க யாரும் கரண்டு குடுக்க வேண்டாமே."

கஸ்பார் சிரித்தார். எஞ்சின்காரருக்கு அது பிடித்திருந்தது. பக்கத்தில் இருந்த பிலோமிதான் சொன்னாள்: "தொட்டியெல்லாம் எனக்கு வெளங்காது மேடம். ஒங்க பிள்ள அந்த வீட்டு வாசல்ல வெளையாடுதுல்லா, எனக்கு அது போதும்."

நிறைமதிக்கு அன்று பெருமையாகவே இருந்தது.

அது நடந்தது ஒரு சித்திரை மாதத்துப் பிற்பகலில். கட்டுப்பாட்டு அறையில் நிறைமதியும் பணிப் பொறியாளர் செய்யது மீரானும் இருந்தார்கள். உலைக்குள் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் மானிகள் மூன்று உண்டு. அவற்றில் ஒன்று சட்டென்று கீழே இறங்கத் தொடங்கியது. உலை தன்னைத் தானே அணைத்துக்கொண்டது. ஊர் முழுக்க மின்விசிறிகள் ஒரு கணம் நின்று, மின்கலச் சேமிப்பில் மறுபடி சுழன்றன. இரண்டாவது மானி எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டியது.

இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. எது என்று தெரிய மூன்றாவதை ஓடவிட வேண்டும். அது தனி வழியில், மெதுவாக அளக்கும். அதன் முடிவு வரும்வரை ஊரை வெளியேறச் சொல்லும் சங்கை ஊதக்கூடாது என்பது நடைமுறை. வீணாக ஊதினால் ஊரை விட்டு வெளியேற இருக்கும் ஒரே பாலத்தில் ஊரே நெரியும் என்று எழுதி வைத்தவளே நிறைமதிதான்.

மீரான் பதறவில்லை. மானியின் கம்பிதான் போயிருக்கும் என்றான். அப்படியே தண்ணீர் உண்மையிலேயே இறங்கினாலும் தொட்டி இருக்கிறதே என்றான். நிறைமதி அவனுக்குத் தலையாட்டினாள். அவளுக்கு அது தெரியும். கஸ்பாருக்கு அவள் சொன்னதும் அதைத்தான். ஆனால் அவள் கண்முன்னே அந்த முள் இறங்கிக்கொண்டே இருந்தது. அவள் உடம்பு அவள் படித்ததை நம்பவில்லை.

வெளியே நடைபாதையில் வீட்டுக்கும் பள்ளிக்கும் பேசுகிற ஒரு தொலைபேசி இருந்தது. அவள் எழுந்து போனாள்.

இசக்கிராஜா வகுப்பில் இருந்தான். அவள் இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, நித்திலாவைக் கூட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டிவிடச் சொன்னாள்.

"ஊருக்குச் சொல்லியாச்சா?" என்று அவன் கேட்டான்.

"இன்னும் இல்ல. உறுதியாகல."

அவன் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என் கிளாஸ் இருக்கு, நிறை" என்றான்.

"தெரியும்" என்றாள் நிறைமதி. தொலைபேசியை வைத்துவிட்டாள்.

இசக்கிராஜா பிள்ளைகளிடம் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னான். இதோ வந்துவிடுகிறேன் என்றான். மூன்றாம் வகுப்பு வாசலில் போய் நின்று மகளைக் கூப்பிட்டான். அந்த வகுப்பு ஆசிரியை என்னவென்று கேட்டபோது அவன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், அதுவே போதுமானதாக இருந்தது. அவன் கார் பள்ளி வாசலைத் தாண்டியபோது ஐந்தாம் வகுப்பு முழுவதும் ஜன்னலில் நின்றது.

மணல்முனையில் அந்தக் காரைத் தெரியாதவர்கள் கிடையாது. வெயில் நேரத்தில், பள்ளி விடுவதற்கு முன்னால், வெள்ளை வீட்டுப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு அது பாலத்தின் பக்கம் போவதைத் துறைமுகத்தில் பார்த்தார்கள், கோயில் தெருவில் பார்த்தார்கள், குளிர்கூடத்தின் கண்ணாடி வழியாகவும் பார்த்தார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை என்பதுதானே அந்த வீட்டின் ஏற்பாடே.

மூன்றாவது மானி முடிவைக் காட்டியபோது தண்ணீர் நிறைந்திருந்தது. ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. மீரான் சொன்னபடியே முதல் மானியின் கம்பிதான் அறுந்திருந்தது. அவன் சிரித்துக்கொண்டே திரும்பியபோதுதான் வெளிக்கேமராவின் திரையில் பாலத்தைப் பார்த்தான்.

"மேடம், ஊரு ஏன் போகுது?" என்றான்.

அவன் ஒருமுறை நடைபாதையில் இருந்த தொலைபேசியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்க்கவே இல்லை.

நிறைமதி ஒலிபெருக்கியில் பேசினாள். ஒன்றுமில்லை, ஒரு கருவிக் கோளாறு, திரும்பி வாருங்கள் என்று மறுபடி மறுபடி சொன்னாள். அவள் குரல் ஊரில் எல்லா முனையிலும் கேட்டது. தன் பிள்ளையை அனுப்பிவிட்டு நம்மை இருக்கச் சொல்கிறாள் என்று ஜனங்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

பிலோமி முதலில் பள்ளிக்கு ஓடி மெர்லினைத் தூக்கிக்கொண்டாள். அடுத்து ஆஸ்பத்திரி. கஸ்பாரின் ரத்தம் அப்போது இயந்திரத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பாதியில் கழற்றினார்கள். அவரை ஐஸ் வண்டியில் படுக்க வைத்து அவளே ஓட்டிக்கொண்டு போனாள். பாலத்தின் நடுவில் வண்டி நகரவில்லை. முன்னாலும் போக வழியில்லை, பின்னாலும் வர வழியில்லை. கீழே உப்பங்கழி, மேலே வெயில்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் காரை நிறுத்திவிட்டு இசக்கிராஜா திரும்பிப் பார்த்தான். மகளை அங்கிருந்த கடைக்காரப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, கூட்டத்துக்கு எதிராகப் பாலத்துக்குள் நுழைந்தான். விழுந்தவர்கள் சிலரைத் தூக்கி ஓரமாக உட்கார வைத்தான். யாரோ ஒரு கிழவருக்குத் தன் சட்டையைக் கழற்றித் தலையில் போட்டான். ஐஸ் வண்டியை அவன் எட்டியபோது கஸ்பார் போய்விட்டிருந்தார். மெர்லின் அப்பாவின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்து நின்றாள். வாத்தியார் வந்தால் எழுந்து நிற்க அவன்தான் கற்றுக்கொடுத்திருந்தான்.

அன்றைக்குப் பாலத்தில் மூன்று பேர் இறந்தார்கள். உலை யாரையும் ஒன்றும் செய்யவில்லை.

சென்னையிலிருந்து மின் ஆணையத்தின் இயக்குநர் சுதர்சனம் வந்தார். விசாரணை முடியும்வரை உலையை ஓட்டக்கூடாது என்று உத்தரவு. குளிர்கூடம் மூடியது. குடிநீர் லாரியில் வந்தது. வெயில் தாங்காமல் கைக்குழந்தைக்காரர்கள் உறவினர் வீடுகளுக்குப் போனார்கள். சுதர்சனம் நல்ல மனிதர்தான். நிறைமதியை எதிரில் உட்கார வைத்து, திட்டாமல், மெதுவாகவே பேசினார். அவள் அம்மாவுக்கு அன்று திடீரென்று நெஞ்சுவலி, அதனால் மாப்பிள்ளையும் பேத்தியும் கிளம்பினார்கள், ஊர் தவறாகப் புரிந்துகொண்டது. ஊர்க்கூட்டத்தில் அப்படிச் சொல்லிவிடலாம் என்றார்.

"உங்களுக்காக நான் இதைச் சொல்லலம்மா. நாப்பது ஊர்ல நாப்பது வீடு இருக்கு. ஒரு வீட்டுல இருந்து பிள்ளைய முதல்ல அனுப்பிட்டாங்கன்னு தெரிஞ்சா, நாளைக்கே எல்லா ஊர்லயும் உலைய மூடச் சொல்லுவாங்க. இந்த வெயில்ல மூடினா எத்தனை பேர் சாவாங்கன்னு கணக்குப் போட உங்களுக்கு நான் சொல்லித்தர வேணாம்."

அந்தக் கணக்கில் தப்பு இல்லை. அதுதான் அவளை இன்னும் கூச வைத்தது. தன் கேவலத்தை மறைப்பது ஊருக்கு நல்லது என்று ஒருவர் வந்து சொல்வார் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

வீட்டில் இசக்கிராஜா பள்ளி வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அவர்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. சண்டை எதுவும் இல்லை. ஒருவரைப் பார்த்தால் மற்றவருக்குத் தான் செய்தது ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். கூட்டத்தில் என்ன சொல்வது என்று அவள் கேட்டாள்.

"எங்கிட்ட கேக்காத நிறை" என்றான். "நீ கூப்பிட்டே. நான் மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். நான் சொல்லல."

மின்விசிறி ஓடாத குளிர்கூடத்தில் கூட்டம் நடந்தது. கதவுகளையெல்லாம் திறந்து வைத்திருந்தார்கள். சுதர்சனம் அறுந்த கம்பியைப் பற்றியும் நிறைந்திருந்த தண்ணீரைப் பற்றியும் விளக்கினார். பிறகு, நிறைமதி எதுவும் சொல்ல வேண்டிய தேவையே வராதபடி, அம்மாவின் நெஞ்சுவலியையும் அவரே சொல்லி முடித்தார். அவள் சும்மா இருந்தால் போதும். அவள் சும்மா இருந்தாள். கூட்டமும் சும்மா இருந்தது. முன்வரிசையில் பிலோமி கறுப்புச் சேலையில் உட்கார்ந்து கைக்குட்டையால் மெர்லினுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். சுவரோரம் நின்ற மீரான் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒருபோதும் காட்டிக்கொடுக்க மாட்டான் என்று நிறைமதிக்குத் தெரிந்தது. சுதர்சனம் அடுத்த விஷயத்துக்குப் போய், மறுபடி ஓட்டுவதற்கு ஊரின் சம்மதம் வேண்டும் என்று பேசத் தொடங்கியிருந்தார்.

"எங்கம்மா நல்லா இருக்காங்க" என்றாள் நிறைமதி.

அவர் நிறுத்தினார். அவள் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள். நீளமாகச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. தண்ணீர் குறையவில்லை என்று தெரிவதற்கு முன்பே தன் பிள்ளையை மட்டும் அனுப்பச் சொன்னதையும், வகுப்பு இருக்கிறது என்று கணவன் சொன்னதையும், தெரியும் என்று தான் சொன்னதையும் சொன்னாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவர்கள் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்று இருந்தது. தன்னை வேலையிலிருந்து நீக்கி, வேறு நல்ல ஆளை இங்கே போடும்படி மட்டும் கேட்டுக்கொண்டாள்.

கல்லெறிவார்கள் என்றுகூட அவள் நினைத்திருந்தாள். யாரும் அசையவில்லை. அவள் சொன்னது யாருக்கும் புதிதாக இல்லை. எல்லோருக்கும் அன்றைக்கே தெரிந்திருந்தது.

பிலோமி உட்கார்ந்தபடியே பேசினாள். குரலில் கோபம் இல்லை.

"உலை ஓடட்டும். தண்ணி இல்லாம, ஐஸ் இல்லாம இந்த ஊரு ரெண்டு கோடைக்குத் தாங்காது. ஆனா இவுகள மாத்தக் கூடாது."

சுதர்சனம் ஏன் என்று கேட்டார்.

"புதுசா ஒரு ஆளக் கொண்டாந்து வைப்பிய. நல்ல மனுசனாவே இருப்பாவ. ஆபத்து வந்தா பிள்ளையையும் வச்சுக்கிட்டுக் கடைசி வரைக்கும் அசையாம இருந்துருவாவ. அதனால எங்களுக்கு என்ன லாபம்?" அவள் இப்போது நிறைமதியைப் பார்த்தாள். "இவுக பிள்ளைய அனுப்பிருவாவ. அது எங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. இவுக பிள்ள அந்த வீட்ல இருக்கிற வரைக்கும் நாங்க நிம்மதியா இருப்போம்."

பலர் ஆமாம் என்றார்கள். கைதூக்கச் சொன்னபோது ஏறக்குறைய எல்லாக் கையும் உயர்ந்தது. சுதர்சனத்தின் முகத்தில் தெரிந்த ஆறுதலை அவரால் மறைக்க முடியவில்லை. போகும்போது அவர் நிறைமதியின் தோளைத் தட்டி, ஊர் உங்கள்மேல் எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறது பார்த்தீர்களா என்றார். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

அப்படி அவர்கள் அங்கேயே இருந்தார்கள். உலை ஓடியது, தண்ணீர் வந்தது, குளிர்கூடம் திறந்தது. மளிகைக்கடையில் நிறைமதிக்குச் சாமான் கொடுக்க யாரும் மறுக்கவில்லை. வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொன்னார்கள். ஆனால் அவர்கள் அவளைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தார்கள். பை எவ்வளவு பெரியது, பெட்டியா, நித்திலா கூட வருகிறாளா என்று பார்த்தார்கள். இசக்கிராஜா காரை விற்றுவிட்டான். மாடியில் துணி எடுக்கக்கூட நித்திலாவைத் தனியாக அனுப்பாமல், எல்லோருக்கும் தெரியும்படி மூவருமாகவே போய் எடுத்தார்கள். நிறைமதியின் தம்பி கல்யாணத்துக்கு அவள் மட்டும் போய்விட்டு அன்றைக்கே திரும்பினாள். நித்திலாவை வேறு ஊர்ப் பள்ளியில் சேர்க்கலாமா என்ற பேச்சை அவர்கள் எடுக்கவே இல்லை.

அடுத்த ஆண்டு ஐப்பசியில், ஒரு காலை, நித்திலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஊர் ஆஸ்பத்திரி டாக்டர் வீட்டுக்கே வந்து அமுக்கிப் பார்த்துவிட்டு, குடல்வால் வீங்கியிருக்கிறது, உடனே தூத்துக்குடிக்குக் கொண்டுபோய் அறுவை செய்ய வேண்டும் என்றார். ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது. இசக்கிராஜா மகளைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தவன் அங்கேயே நின்றுவிட்டான்.

கீழே தெருவில் நாலைந்து பேர் நின்று மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் தன் பிள்ளையைக் கையில் பிடித்திருந்தாள். பள்ளிக்குப் புறப்பட்டவள், பள்ளிப் பக்கம் நடக்கவில்லை. ஒலிபெருக்கியில் சொன்னால் என்ன ஆகும் என்று இருவருக்குமே தெரியும்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் நிறைமதி. தன் மகள் வலியில் முனகிக்கொண்டிருக்க, அவள் அப்படிச் சொல்லிவிட்டு மேட்டை விட்டு இறங்கி ஓடினாள். அவள் ஓடுவதைப் பார்த்தால் ஊர் என்ன நினைக்கும் என்று தோன்றியதும் நடந்தாள்.

ஐஸ் கம்பெனி வாசலில் பிலோமி பெட்டிகளை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தாள். நிறைமதி விஷயத்தைச் சொன்னாள். பிள்ளையை அவள் அப்பாவோடு அனுப்புகிறேன், நான் இங்கேயே வீட்டு வாசலில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் மட்டும் தெருவில் நாலு பேரிடம் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள்.

"நீங்க இருந்தா?" என்றாள் பிலோமி. "அன்னைக்கும் நீங்க இருந்திய."

உண்மைதான். அன்றைக்கு உலையை விட்டு அவள் ஓரடி நகரவில்லை. அதை யாரும் எதற்கும் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்துக்கொள்ளவும் கூடாது.

பிலோமி கையைச் சேலையில் துடைத்தாள். உள்ளே திரும்பி மெர்லினைக் கூப்பிட்டாள். பள்ளிச் சீருடையில், தலை பாதி பின்னியபடி மெர்லின் வந்தாள். ஒன்றரை வருடத்தில் வளர்ந்திருந்தாள்.

"புத்தகப் பைய எடுத்துக்க. மேட்டு வீட்ல இருக்கப் போறோம்" என்றாள் பிலோமி.

நிறைமதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். பிலோமி அதற்குள் தெருவில் இறங்கியிருந்தாள்.

"அந்த வீட்ல ஒரு பிள்ள இருக்கணும். அவ்வளவுதான?" என்று நடந்துகொண்டே சொன்னாள். "ஒங்களுக்காக இல்ல மேடம். திரும்ப அந்தப் பாலத்துல யாரையும் என்னால தூக்க முடியாது. நீங்க ஒங்க பிள்ள கூடப் போங்க. தாய் இல்லாம ஆஸ்பத்திரில என்ன செய்யும்."

வழியெல்லாம் அவள் நின்று நின்று சொல்லிக்கொண்டு வந்தாள். வெள்ளை வீட்டுப் பிள்ளைக்கு வயிற்றுவலி, தூத்துக்குடிக்குக் கொண்டுபோகிறார்கள், அவர்கள் வரும்வரை நானும் என் மகளும் அங்கே இருக்கிறோம் என்றாள். தெருவில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் மெர்லினை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தன் பிள்ளையைப் பள்ளிப் பக்கம் திருப்பினாள்.

வாசலில் இசக்கிராஜா மகளோடு நின்றுகொண்டிருந்தான். மெர்லின் அவனைப் பார்த்து, "வணக்கம் சார்" என்றாள். அவன் ஆம்புலன்ஸில் ஏறி உட்கார்ந்து முகத்தை மகளின் தலைமேல் வைத்துக்கொண்டான்.

வண்டி ஊருக்குள் மெதுவாகத்தான் போனது. நிறைமதி கண்ணாடி வழியாகப் பார்த்தாள். துறையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் தலைநிமிர்ந்தார்கள். அவர்கள் பார்த்தது வண்டியை இல்லை, மேட்டைத்தான். அங்கே வாசலில் சீருடையோடு ஒரு பெண் பிள்ளை உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. அவர்கள் மறுபடி வலைக்குத் திரும்பினார்கள். பாலத்தில் வண்டி எதுவும் குறுக்கே வரவில்லை. தன் பிள்ளையை இந்தப் பாலத்தைத் தாண்ட வைக்க யார் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தபோது, நிறைமதிக்குத் பக்கத்தில் படுத்திருந்த மகளைத் தொடக்கூட ஒரு மாதிரி இருந்தது.

நித்திலா பிழைத்துக்கொண்டாள். இன்னும் தாமதித்திருந்தால் வெடித்திருக்கும் என்றார்கள். தையல் ஆறும்வரை அவர்கள் தூத்துக்குடியிலேயே இருக்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் மணல்முனையில் எதுவும் நடக்கவில்லை. மீரான் தினமும் தொலைபேசியில் உலை நிலவரம் சொன்னான். மேட்டு வீட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

ஒரு முற்பகலில் திரும்பி வந்தார்கள். பிலோமி வாசலிலேயே நின்று சாவியை நீட்டினாள். சமையலறையில் எதையும் தொடவில்லை, சாப்பாடு கம்பெனியிலிருந்தே வந்துவிட்டது, ஒரு தண்ணீர்ப் பானை மட்டும் விரிசல் விட்டுவிட்டது, மாற்றி வாங்கி வைத்திருக்கிறேன் என்றாள். நிறைமதி அவள் கையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். பிலோமி கையைக் கொடுக்கவில்லை, முகத்தையும் கடுகடுப்பாக்கவில்லை.

"சாவிய வாங்குங்க மேடம். துறையில லாரி வந்து நிக்கும்" என்றாள்.

இசக்கிராஜா மெர்லின் முன்னால் போய் நின்றான். அவள் நித்திலாவிடம் தையல் வலிக்கிறதா என்று கேட்டுவிட்டு, பையை மாட்டிக்கொண்டு அம்மாவின் பின்னால் இறங்கிப் போனாள். இருவரும் மேட்டைத் தாண்டித் தெருவில் சேரும்வரை அவன் வெயிலிலேயே நின்றான்.

உள்ளே படுக்கையறைகள் இரண்டும் போட்டது போட்டபடி இருந்தன. யாரும் அவற்றில் படுத்ததாகத் தெரியவில்லை. தலைவாசலை ஒட்டி முன்னறையில் ஒரு பாய் சுருட்டி வைத்திருந்தது. அம்மாவும் மகளும் அங்கேயேதான் படுத்திருக்கிறார்கள், தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில். இத்தனை நாளும் கதவைச் சாத்தியிருக்க மாட்டார்கள். கடற்காற்று வாரியிறைத்த மணல் கூடம் முழுக்க மெல்லிசாகப் படர்ந்திருந்தது. அதில் சின்னக் கால்களின் தடம் வாசலுக்கும் பாய்க்கும் நடுவே மட்டும் போய் வந்திருந்தது.

நித்திலாவைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு நிறைமதி முன்னறைக்கு வந்தாள். வெயில் உள்ளே அடித்தது. கதவைச் சாத்தக் கை வைத்தாள். வெளியே தெருவில் போய்க்கொண்டிருந்த யாரோ ஒருத்தி நின்று மேலே பார்த்தாள்.

நிறைமதி கையை எடுத்துவிட்டாள். கதவு திறந்தே இருந்தது.